மார்கழிப் பனியும் மூன்று அடுக்குத் தேங்காய் கேக்கும்

தப்பு எங்கள் அம்மாவுடையதுதான். "மார்கழில பனி கொட்டும், தலைக்குத் துணி கட்டாம மொட்ட மாடிக்குப் போவாத" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். பேத்தி என் அண்ணன் மகள், ஏழு வயது முடியப்போகிறது. பள்ளி விடுமுறைக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களோடு தங்க வந்திருந்தவள், ஆயா சொன்ன பனியையும் டிவியில் பார்த்த பனியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பி மாடிக்கு இழுத்துப்போனாள். தண்ணீர் டேங்க் மூடியில் கொஞ்சம் ஈரம். கீழே நிறுத்தியிருந்த வண்டிகளின் சீட்டில் கொஞ்சம் ஈரம். துறைமுகம் பக்கம் விளக்குகளைச் சுற்றி லேசான மூட்டம். அவ்வளவுதான்.

"ஆயா பொய் சொல்லுது அத்தை. ஒண்ணுமே கொட்டல."

இதுவும் பனிதான், சிம்லாவில் கொட்டுவதும் பனிதான், தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று விளக்கிப் பார்த்தேன். ஏழு வயதிடம் அது எடுபடவில்லை. சமாதானத்துக்கு, மாதக் கடைசியில் வரும் பிறந்த நாளுக்குப் பனி மூடிய கேக் செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் இருந்தது. நான் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் 28 லிட்டர் ஓடிஜி மின் அடுப்பில் ஏதாவது சுடுவேன். அடுக்கு கேக் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

பனிக்குத் தேங்காய் என்று முடிவு செய்ய நேரம் ஆகவில்லை. வெள்ளையாக, தூளாக, வீட்டிலேயே இருக்கிற பொருள் வேறு என்ன இருக்கிறது? ஆனால் கிடைத்த செய்முறைகள் எல்லாம் உண்மையாகவே பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியவை. ஒன்றில் கிரீமுக்குக் 'கட்டியான தேங்காய் எண்ணெய் அரை கப்' என்று இருந்தது. எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்துவிட்டதைச் சொல்வதே குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில் உறைந்து வெள்ளையாக நிற்கும், அம்மா அதை வெயிலில் வைப்பார், பத்து மணிக்குப் பழையபடி எண்ணெய். அந்த ஊர்க் கிரீமை இங்கே செய்து மேசை மேல் வைத்தால் பிறந்த நாள் பாட்டு முடிவதற்குள் தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாம். அதைப் படித்தபோதே, செய்முறையை வரிக்கு வரி பின்பற்றக்கூடாது, ஒவ்வொரு பொருளும் 29 டிகிரியில் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டுதான் சேர்க்க வேண்டும் என்று புரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு கேக் வீணான பிறகுதான் புரிந்தது.

முதல் ஞாயிறு செய்தது களி. கேக் என்று சொல்லக் கூசும். இரண்டு தப்பு செய்தேன். தேங்காய் கேக்தானே என்று பச்சைத் தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடியாக மாவில் போட்டேன். பச்சைத் துருவலின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். கடையில் விற்கும் உலர் தேங்காய்த் தூளில் மூன்று நான்கு சதவீதம்கூட இருக்காது. செய்முறை எழுதியவர் உலர் தூளை நினைத்து எழுதியிருக்கிறார். இரண்டாவது, பாலுக்கு பதில் கெட்டியான முதல் பாலை அப்படியே ஊற்றினேன். அதில் கொழுப்பு அதிகம், ஏற்கெனவே வெண்ணெயும் இருக்கிறது. தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்து அடியில் அரை அங்குலத்துக்கு ரப்பர் மாதிரி ஒரு பட்டை. மேலே மலை மாதிரிப் புடைத்து வெடித்திருந்தது. அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு "ருசி நல்லாத்தான் கீது, கொழுக்கட்டையா நெனச்சிக்கலாம்" என்றார்.

அந்தக் களி கேக்கை நான் தூக்கிப் போடவில்லை. மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்து, மேலே வரப்போகும் அலங்காரம் ஒவ்வொன்றையும் அதன்மேல் சோதித்துப் பார்த்தேன். பின்னால் அது எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன். முதல் கேக் கெட்டுப்போனால் குப்பையில் போடாதீர்கள், சாரம் கட்டிப் பார்க்க ஒரு கட்டடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை, பிறந்த நாளுக்கு முந்தின நாள், அளவுகள் இவை: மைதா 330 கிராம், சர்க்கரை 320, உப்பில்லாத வெண்ணெய் 170, சூரியகாந்தி எண்ணெய் 50 மில்லி, முட்டை நான்கு, தேங்காய்ப் பால் 270 மில்லி, பேக்கிங் பவுடர் மூன்று டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தேங்காய்ப் பாலில் முதல் பாலும் இரண்டாம் பாலும் சரி பாதி. முழுக்க வெண்ணெய் போடாமல் எண்ணெய் சேர்த்தது ஃபிரிட்ஜுக்காக. வெண்ணெய் கேக் ஃபிரிட்ஜில் கட்டை மாதிரி ஆகிவிடும், எண்ணெய் சேர்ந்தால் கொஞ்சம் மெத்தென்று நிற்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது ஃபிரிட்ஜில் வெண்ணெயைவிட மோசமாக இறுகும். துருவல் மாவுக்குள் ஒரு சிட்டிகைகூடப் போகவில்லை. தேங்காய் ருசி பாலிலும் பூரணத்திலும் வெளிப்பூச்சிலும் வந்தால் போதும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதில் எங்கள் ஊர்ப் பிரச்சினை, வெண்ணெய் அளவுக்கு மேல் இளகியிருப்பது. அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் சமையலறையில் ஓடிஜியையும் போட்டால் 31. நான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்தே நிமிடத்தில் துண்டு போட்டு அடிக்கத் தொடங்கினேன், அடிக்க அடிக்க அதுவே இளகிக்கொண்டது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு மைதா மூன்று தடவையாகவும் பால் இரண்டு தடவையாகவும் மாற்றி மாற்றி. மைதா போட்ட பிறகு, அடிக்கும் மெஷினான பீட்டரைத் தூக்கிவிட்டுக் கரண்டிதான்.

நடுவில் புடைத்து வெடிக்கும் கதைக்கு வேட்டி வைத்தியம். தகரத்தின் ஓரம் நடுப் பகுதியைவிட வேகமாகச் சூடாகி அங்கே கேக் முதலில் இறுகிவிடுகிறது, நடு மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவின் கிழிந்த வேட்டியில் இரண்டு அங்குல அகலத்துக்கு நாடா கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டின்னின் வெளிச் சுவரைச் சுற்றிக் கட்டி ஊக்குப் போட்டேன். பருத்தியாக இருக்க வேண்டும், ஓடிஜியின் சூட்டுக் கம்பியில் படக்கூடாது. ஓரம் மெதுவாகச் சூடானது, அடுக்குகள் மேசை மாதிரிச் சமமாக வந்தன. மேலே வெட்டிச் சீர்செய்ய வேண்டிய வேலையே இல்லை. வீட்டில் வெட்டிய துண்டுக்காகக் காத்திருந்த ஒருத்திக்குத்தான் ஏமாற்றம்.

7 இன்ச் டின் இரண்டுதான் இருக்கிறது. மாவைத் தராசில் வைத்து 450 கிராம் வீதம் மூன்றாகப் பிரித்தேன். ஓடிஜியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். 170 டிகிரியில் 32 நிமிடம். என் ஓடிஜியின் திருகு 170 என்று காட்டும்போது உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 190 காட்டும், அதனால் நான் 150-இல் வைப்பேன். உங்கள் ஓடிஜிக்கும் இப்படி ஒரு பொய்க் கணக்கு இருக்கும், வெப்பமானி ஒன்று வாங்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த மூன்றாவது பங்கு அரை சென்டிமீட்டர் உயரம் குறைந்துதான் வந்தது. அதை நடு அடுக்காக வைத்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

இனி தேங்காய். காய் ஒன்று 45 ரூபாய், நான்கு வாங்கினேன். வெள்ளைதான் முக்கியம் என்பதால் ஓட்டோடு சேர்ந்த பழுப்புத் தோல் ஒரு துளியும் வரக்கூடாது. உடைத்த மூடியை அடுப்புத் தீயில் ஓட்டுப் பக்கம் காட்டிச் சூடாக்கினால் பருப்பு எளிதாகக் கழன்று வரும். ஒரு மூடிக்கு மூன்று நான்கு நிமிடம், பிறகு கத்தி முனையால் நெம்பினால் போதும். பீலரால் பழுப்புத் தோலைச் சீவி எடுத்தேன். இரண்டு காயைத் துருவிப் பூரணத்துக்கு வைத்தேன். பால் பிழிந்ததும் தனிக் காயில். மீதி ஒன்றைப் பீலராலேயே நீள நீளச் சீவலாக எடுத்தேன், காற்றில் சுருண்டு கிடக்கும் பனித் திட்டுக்கு அது. பழுப்புத் தோல் வீணாகவில்லை, மறுநாள் காலை சட்னியில் கிடந்தது.

கேக்கின் வெளியில் ஒட்டும் தூளுக்குப் பச்சைத் துருவலை நம்ப வேண்டாம். இங்கே வெளியில் வைத்தால் பச்சைத் தேங்காய் மாலைக்குள் புளித்துவிடும். மொட்டை மாடியில் காய வைக்கலாம் என்றால் டிசம்பர் மாதத்தில் மேகம் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, திறக்காத நாளில் காக்கை. சவுகார்பேட்டையில் கேக் சாமான் விற்கும் கடையில் உலர் தேங்காய்த் தூள் அரைக் கிலோ வாங்கிவிட்டேன். சீவலை மட்டும் ஓடிஜியில் 100 டிகிரியில் 25 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டி, நிறம் மாறாமல் உலர்த்தினேன். ஓரம் மஞ்சளாகிற மாதிரி தெரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். வறுத்த வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வறுத்த பனி யாரும் பார்த்ததில்லை.

அடுக்குக்கு நடுவில் பூரணம். 200 கிராம் துருவல், 150 மில்லி தேங்காய்ப் பால், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில் பாலில் கரைத்த சோள மாவு ஒரு டேபிள்ஸ்பூன். பர்ஃபி கிளறுகிற மாதிரிதான், ஆனால் பர்ஃபிப் பதத்துக்கு ரொம்ப முன்னாலேயே, கரண்டியில் எடுத்தால் தொப்பென்று விழும்போது இறக்கிவிட வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும். சர்க்கரையோடு வெந்த தேங்காய் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இதற்குப் பிறகுதான் யுத்தம். கிரீம்.

கடைகளில் எல்லாரும் அடிப்பது பால் சேராத விப்பிங் கிரீம். சென்னை வெயிலுக்கு அதைவிட நம்பகமானது இல்லை, வெள்ளையும் வெளேரென்று இருக்கும். எனக்கு அதன் ருசி பிடிக்காது, மேலண்ணத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். அதனால் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்து அடிக்கும் சுவிஸ் முறைக்குப் போனேன். நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, 240 கிராம் சர்க்கரை. இரண்டையும் கொதிக்கும் தண்ணீரின் ஆவி மேல் பாத்திரம் வைத்துக் கிளறிக்கொண்டே 71 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பச்சை முட்டை பயம் போய்விடும். பிறகு இறக்கி, பாத்திரம் ஆறும்வரை அடித்தால் பளபளவென்று நுரைக் குவியல். அதில் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடிக்க வேண்டும்.

பாத்திரம் ஆறும்வரை என்று சொல்வது எளிது. மாலை ஏழு மணிக்கு, ஓடிஜி ஓடி முடிந்த சமையலறையில் பாத்திரம் எதற்காக ஆறப்போகிறது? மின்விசிறியைத் திருப்பி வைத்துப் பதினைந்து நிமிடம் அடித்தேன், தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு. பொறுமை போய் வெண்ணெயைப் போட்டேன். ஐந்தாவது துண்டில் குவியல் தளர்ந்தது, பத்தாவதில் மோர் மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. இருட்டில் பீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பாப்பா டார்ச் அடித்துப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து "பாயசமா அத்தை?" என்றாள்.

மோராகிவிட்டால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கொட்ட வேண்டியதில்லை. வெண்ணெய் உருகியதுதான் குறை, குளிர வைத்தால் திரும்ப வரும். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால் கரண்ட் இல்லை, இருக்கும் ஐஸ் டிரேயும் காலி. தெரு முனையில் மீன்கார அக்கா கடை கட்டிக்கொண்டிருந்தார். காசிமேட்டிலிருந்து வரும் உடைத்த ஐஸ் அவர் தெர்மாக்கோல் பெட்டியில் எப்போதும் இருக்கும். வடசென்னையில் பிறந்தவர்களுக்கு நிஜப் பனி என்றால் அதுதான். ஐஸ் பாரை மெஷினில் போட்டால் மறு பக்கம் வெள்ளை வெளேரென்று கொட்டுமே, துறைமுகத்தில் விடிகாலையில் அதைப் பார்த்தவர்கள் சிம்லா போகத் தேவையில்லை.

"இத்தினி ஐஸ் இன்னாத்துக்கு?"

"கேக்குக்கு அக்கா."

"கேக்குக்கா! மீனு வாசன வராது?"

நியாயமான கேள்வி. வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன் படாத மேல் ஐஸாகப் பார்த்து ஒரு பக்கெட் அள்ளிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பெரிய அன்னக்கூடையில் ஐஸைக் கொட்டி, மேலே பிளாஸ்டிக் உறையை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் கிரீம் பாத்திரத்தை மூடி போட்டு வைத்தேன். அந்த ஐஸ் வாயில் போடுகிற ஐஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு துளிகூட உள்ளே தெறிக்கக்கூடாது. ஒரு காலத்தில் இந்த ஊருக்கு ஐஸே அமெரிக்காவிலிருந்து கப்பலில், மரத்தூளில் பொதிந்து வந்தது. அதை வைக்க டியூடர் கம்பெனி 1842-இல் கட்டிய கிடங்குதான் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஒரு பக்கெட் ஐஸுக்காகத் தெரு முனை வரை நடந்ததற்கே நான் அலுத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்தபோது பாத்திரத்தின் ஓரத்தில் கிரீம் இறுகத் தொடங்கியிருந்தது. அடித்தேன். முதலில் தயிர் திரிந்த மாதிரி பிரிந்தது, அடிவயிறு கலங்கியது, நிறுத்தாமல் இன்னும் மூன்று நிமிடம். திடீரென்று ஒன்று சேர்ந்து வழவழவென்று எழுந்தது. இந்தத் திரிகிற கட்டத்தில் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் தோற்கிறார்கள்.

வெண்ணெய் மொத்தம் 300 கிராம். அதோடு உருக்கி ஆறவைத்த வெள்ளை சாக்லேட் காம்பவுண்ட், அதாவது கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்தது, 120 கிராம். வெண்ணெய் 32, 33 டிகிரியில் உருகிவிடும், காம்பவுண்டில் இருக்கும் கொழுப்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும். ருசிக்கு அசல் வெள்ளை சாக்லேட்தான் மேல், ஆனால் அது தந்தம் மாதிரி மஞ்சள். காம்பவுண்ட் தூய வெள்ளை. 120-க்கு மேல் போட்டால் மெழுகு ருசி தட்டும்.

அப்படியும் கிரீம் பனி வெள்ளையாக வரவில்லை, பழைய வேட்டி வெள்ளை. பசு வெண்ணெயில் இருக்கும் மஞ்சள் எங்கே போகும்? எருமை வெண்ணெய் கிடைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, எருமைப் பாலில் அந்த மஞ்சள் சத்து வராது, வெண்ணெய் வெள்ளையாகவே இருக்கும். எங்கள் பால்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார். அதற்குத்தான் சொட்டு நீலம். உண்மையான சொட்டு நீலம் இல்லை, பயந்துவிடாதீர்கள், அதே கணக்கு: மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, துளி ஊதா விழுந்தால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால் வண்ணாரப்பேட்டை ஆன ஊரில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்தால் எப்படி? ஊதா ஜெல் நிறத்தைப் பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, ஒரு கரண்டி கிரீமில் தனியாகக் கலக்கி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய பாத்திரத்துக்கு. நேராகக் குச்சியை விட்டால் கிரீம் கத்தரிப்பூ நிறம் ஆகிவிடும். களி கேக்கில் அது எனக்கு ஆனது.

அடுக்குவது சட்டென்று முடிந்தது. அடுக்கு, ஓரத்தில் கிரீமால் ஒரு வரப்பு, வரப்புக்குள் பூரணம், அடுத்த அடுக்கு. வரப்பு இல்லாமல் பூரணம் போட்டால் எடையில் வெளியே பிதுங்கும், என் பழைய கேக் சாய்ந்தது அதனால்தான். மெல்லிய முதல் பூச்சு, அரை மணி ஃபிரிட்ஜ், அப்புறம் கெட்டிப் பூச்சு. இட்லி மாவுப் பாத்திரத்தை வெளியேற்றித்தான் ஃபிரிட்ஜில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பூச்சு வழவழப்பாக வரவே இல்லை, கத்தித் தடம் தெரிந்தது. கவலைப்படவில்லை. கேக்கைத் தட்டின் மேல் தூக்கிப் பிடித்து, உலர் தேங்காய்த் தூளை உள்ளங்கையில் அள்ளிச் சுவரில் அழுத்தி அழுத்தி ஒட்டினால் தடம், குழி எல்லாம் அதற்குள் போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக் நம் ஊர்க் காற்றில் வியர்த்துக் கொட்டும். வழவழப்பான கிரீமில் அந்த முத்து முத்தான தண்ணீர் அசிங்கமாகத் தெரியும், தேங்காய்த் தூள் அதைக் குடித்துவிடும்.

மேலே பனி தூவ முதலில் பொடித்த சர்க்கரையைத்தான் நினைத்தேன். களி கேக்கில் தூவி வைத்தேன், காலையில் பார்த்தால் ஒன்றும் இல்லை, ஈரத்தில் கரைந்து பளபளப்பு மட்டும் மிச்சம். தேங்காய்த் தூளையே மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுச் சல்லடையில் சலித்துத் தூவினேன். ரொம்பச் சுற்றினால் எண்ணெய் கக்கிவிடும்.

உறைந்த குளம் ஒன்று வேண்டும் என்பது பாப்பாவின் கட்டளை. ஜெலட்டின் 30, 35 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அதனால் கடல்பாசி (அகர் அகர்). மண்ணடிப் பக்கம் நோன்புக் காலத்தில் வீட்டுக்கு வீடு செய்கிற அதே கடல்பாசிதான். ஒரு தடவை இறுகிவிட்டால் 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும், சித்திரை வெயிலுக்கே அசையாது. 5 கிராம் பாசியை 150 மில்லி தண்ணீரில் இழை தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, 40 கிராம் சர்க்கரை சேர்த்து, இறக்கிய பிறகு அறைச் சூட்டில் இருந்த இளநீர் 200 மில்லி. இளநீரைக் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால் ஊற்றும்போதே கட்டி தட்டும். குச்சி நுனி நீலம். தட்டையான தட்டில் ஊற்றினேன், இருபது நிமிடத்தில் கண்ணாடி மாதிரி நின்றது. இதிலும் களி கேக் ஒரு பாடம் சொன்னது: கடல்பாசி மெல்ல மெல்லத் தண்ணீர் கசியும். நேராகக் கிரீம் மேல் வைத்த குளம் ராத்திரி முழுக்கக் கசிந்து, காலையில் கேக்கின் சுவரில் கண்ணீர்க் கோடு. அதனால் காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி, ஓரம் உயர்ந்த சின்னத் தட்டாக வார்த்து, அதற்குள் குளத்தை வைத்தேன். கரையைச் சுற்றிக் கல்கண்டு. சர்க்கரையைக் காய்ச்சி ஐஸ் பாளம் வார்க்கிறவர்கள் உண்டு, நம் காற்றில் அது ஒரு மணி நேரத்தில் பிசுபிசுக்கும். கல்கண்டு பெட்டியில் இருந்தபடியே இருந்தது.

மரங்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. பனி நாட்டு கேக்கில் ஊசியிலை மரம் நிற்கும். பாப்பா பார்த்த கிறிஸ்துமஸ் மரம், ராயபுரத்தில் சர்ச்சுக்கு வெளியிலும் வீட்டு வாசல்களிலும் கட்டுகிற சவுக்குக் கிளைதான். சரி, சவுக்கே நிற்கட்டும் என்று ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைத்து, புல் மாதிரி கிரீம் பிழியும் பல துளை நாசிலால் பச்சைக் கிரீமை நீள நீளமாகக் கீழ்நோக்கி இழுத்தேன். பச்சையில் கொஞ்சம் பழுப்பு கலந்தால்தான் சவுக்கு நிறம் வரும். மூன்று மரம், உயரம் வேறு வேறாக. கோன் ஒரே ராத்திரியில் நமத்துப்போகும், அதனால் இது அன்று காலை வேலை. குளத்தின் நடுவில் பாப்பா தன் பங்குக்கு ஒரு காகிதப் படகை வைத்தாள். ஐஸ் மேல் படகு எப்படி ஓடும் என்று கேட்டேன். "மீன் பிடிக்கப் போவுது அத்தை, ஐஸ் ஏத்திக்கினு" என்றாள்.

அண்ணன் வீடு திருவொற்றியூர் தேரடியில். ஆட்டோவில் தூக்கிப் போக எனக்குத் தைரியம் இல்லை, வெயில், வேகத்தடை இரண்டும். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து எங்களுக்குக் கஷ்டமில்லை, வண்ணாரப்பேட்டையில் ஏறினால் வழி முழுக்க ஏசி. பெட்டியைச் சோதனை மெஷினில் படுக்க வைக்கச் சொல்வார்களே என்பதுதான் பயம். பாதுகாப்புக்கு நின்ற பெண்மணி மூடியைத் திறந்து பார்த்தார், பாப்பாவையும் பார்த்தார். "இன்னாம்மா இது, காஷ்மீரா? கையிலயே எடுத்துனு போ" என்று விட்டுவிட்டார். ரயில் தண்டையார்பேட்டைக்கு அப்புறம் நிலத்துக்கு அடியிலிருந்து மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் பெட்டியை மடியில் மட்டமாகப் பிடித்துக்கொண்டு மூச்சை நிறுத்தினேன். உயரமான சவுக்கு மட்டும் ஒரு விரல் அகலம் சாய்ந்தது. கடற்காற்றில் சாயாத சவுக்கு உண்டா என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தேரடியில் இறங்கி வீடு சேர எட்டு நிமிட நடை, மேசை மேல் முக்கால் மணி நேரம், மெழுகுவத்தி, பாட்டு. கிரீம் அசையவில்லை. வெட்டுவதற்கு முன் அந்த முக்கால் மணி நேரம் வெளியில் இருந்ததும் நல்லதுதான், நேராக ஃபிரிட்ஜிலிருந்து வெட்டியிருந்தால் வெண்ணெய்க் கட்டியைக் கடிக்கிற மாதிரி இருந்திருக்கும். வெட்டின முகத்தில் மூன்று அடுக்கும் நேர்கோடாக நின்றன, பூரணம் பிதுங்கவில்லை. இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம், அடுத்த தடவை பூரணத்தில் சர்க்கரை 70 போதும். அண்ணி இரண்டாவது துண்டு கேட்டார். அம்மா "கொழுக்கட்டை இல்ல இந்த வாட்டி" என்று மட்டும் சொன்னார்.

பாப்பா குளத்தை முழுசாகத் தின்றாள், கல்கண்டைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள், படகைத் துடைத்து ஜன்னலில் வைத்தாள். கேக்கைத் தொடவில்லை. அவளுக்குத் தேங்காய் பிடிக்காதாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.